பழைய மாஸியில் பாரம் தூக்க: முதலில் முன்சக்கரத்தைப் பாருங்கள்

சென்னையில் டாஃபே செய்த பழைய மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற சின்ன டிராக்டரில், பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பில் (கலப்பை மாட்டும் இடம்) பூம், அதாவது கொக்கி வைத்த நீண்ட இரும்புக் கை, மாட்டினால் மோட்டார், எஞ்சின் எல்லாம் தூக்கி வைக்கலாம். ஆனால் ஹைட்ராலிக் பிரஷரை மட்டும் தயவுசெய்து கூட்டாதீர்கள். பிரஷர் மீறும்போது எண்ணெயைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வை இறுக்கினால் பம்பு கெடும். அதைவிட மோசம், முன்பக்கம் தாங்காத பாரத்தையும் அது தூக்கிவிடும், வண்டி மல்லாந்துவிடும்.

முதல் வேலை எடை மேடை. முழு வண்டியை ஒருமுறை, முன்சக்கரங்களை மட்டும் ஒருமுறை நிறுத்தி எடை போடுங்கள். பாரம் தூக்கிய பிறகும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங் பிடிக்காது. உதாரணத்துக்கு, மொத்தம் 1,500 கிலோ, முன்னால் 550 என்றால், 300 கிலோ அங்கே இருந்தே ஆக வேண்டும். குறையக்கூடியது 250 மட்டும்.

அடுத்து கணக்கு. இரண்டு அச்சுக்கும் இடையே 6 அடி என்று வையுங்கள். பூமின் கொக்கி பின் அச்சுக்கு 6 அடி பின்னால் இருந்தால், 200 கிலோ தூக்கும்போது முன்னால் 200 குறையும். 9 அடி என்றால் 300 குறையும்! பூமின் சொந்த எடையும் இதில் சேரும். அதனால் பூம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

முன்பக்கத்தை அழுத்தி வைக்க மாட்டும் கூடுதல் வெயிட்டை பம்பர் தகட்டில் மாட்டாதீர்கள். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பில் போல்ட் போட்டு மாட்டுங்கள். அச்சுக்கு 2 அடி முன்னால் தொங்கும் 75 கிலோ, அச்சில் 100 கிலோவாக இறங்கும். அளவு மீறினால் முன் அச்சின் நடு பின்னும் சக்கர பேரிங்கும் தேயும்.

பூமை நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். லிஃப்ட் ஆர்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. ஹாரி ஃபெர்குசன் இந்த மூன்று புள்ளி இணைப்பைக் கலப்பைக்காக வடிவமைத்தார். உழும்போது டாப் லிங்க் (இணைப்பின் மேல் கம்பி) முன்னோக்கித் தள்ளப்படும். பூமில் பாரம் தொங்கினால் அது பின்னோக்கி இழுபடும். தேய்ந்த டாப் லிங்க் பின், பின்னுக்குப் பதிலாகச் செருகிய ஆணி எல்லாம் இங்கே ஆபத்து. புதிது போடுங்கள். கீழ்க் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இறுக்கிவிடுங்கள்.

சோதனைக்கு 50 கிலோ கட்டி, பொசிஷன் லீவரில் (லிஃப்டின் உயரத்தை வைக்கும் லீவர்) ஒரு ஜாண் உயரம் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சாக்பீஸில் உயரத்தைக் குறித்து வையுங்கள். லிஃப்ட் சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் பழையது என்றால் பாரம் மெல்ல இறங்குவது தெரியும். இறங்காவிட்டாலும் அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலை.

அப்புறம் ஓட்டுவது. பாரம் தரையை ஒட்டியே இருக்கட்டும், ஆடாமல் கயிற்றால் கட்டுங்கள், முதல் கியரில் போங்கள். கிளட்சை வெடுக்கென்று விடாதீர்கள். ஏற்றம் வந்தால் ரிவர்ஸில் ஏறுங்கள். முன்சக்கரம் லேசாக எழும்பினால் உடனே கிளட்சை மிதித்துப் பாரத்தை இறக்கிவிடுங்கள்.