மும்பை ஃப்ளாட்டில் சாயமும் சமையலும் ஒன்றாக ஓட்டுவது எப்படி

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சின்ன வீட்டில் இருந்துகொண்டு துணிக்கு இயற்கைச் சாயம் போடுகிறவர்களுக்குத் தனி ஸ்டூடியோ எல்லாம் கனவுதான். அதனால் இடத்தை விடுங்கள், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: நடுவில் எழுந்து போனால் கெட்டுப்போவது ஒன்று, போட்டுவிட்டுப் போனாலும் அப்படியே இருப்பது இன்னொன்று.

சாயம் காய்ச்சுவது முதல் வகை. துணியைக் கிளறாமல் விட்டால் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும், எனவே பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் இதற்கு மட்டும்தான், ஃபோன் வந்தாலும் எடுக்காதீர்கள், மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாயம் நன்றாகப் பிடிக்கத் துணியை முன்கூட்டியே கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறவைப்பது அப்படியில்லை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டால், காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிழிந்து உலர்த்திவிடலாம். அன்று ராத்திரியே படிகாரத் தண்ணீரில் ஊறப்போடலாம். நீங்கள் தூங்கும்போது பாதி வேலை நடந்துவிடும், இதைவிடச் சுகம் உண்டா!

கைத்தையலைப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்யலாம், ஆனால் எழும்போது ஊசிகளை எண்ணி வையுங்கள். அப்புறம், இயற்கைச் சாயம்தானே என்று சாம்பார் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம், சாயப் பாத்திரமும் கரண்டியும் தனி.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே எதுவும் உருப்படியாகக் காயாது. அந்த மாதங்களுக்குச் சாய ஆர்டர் எடுக்காமல் தையல் ஆர்டர் மட்டும் எடுங்கள், கேட்பவர்களிடம் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள்.