பழைய கண்ணாடிப் பாட்டிலை இயந்திரத்தில் இட்டுத் துலக்கலாமா?

இங்கிலாந்தில் விக்டோரியா காலக் குப்பைமேடுகளைத் தோண்டிப் பாட்டில் சேர்ப்பவர்களுக்குக் கிடைப்பவற்றுள் ஒன்று, ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற, கழுத்துக்குள் கோலி அடைபட்ட சோடா பாட்டில். நம்மூர்க் கோலி சோடாவின் மூதாதை அதுவே. நூறாண்டுக்கு மேல் ஈரமண்ணில் கிடந்த பாட்டில் பல வேளைகளில் பால்போல் மங்கியே வெளிவரும். அதைத் தூளோடு சுழற்றித் தேய்க்கும் இயந்திரத்தில் இட்டுப் பளபளப்பாக்குவதற்கு முன், அந்த மங்கல் எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பாட்டிலைச் சோப்பு கலந்த தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்க்கவும். குளிர்ந்த பாட்டிலில் வெந்நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். சுண்ணாம்புப் படிவு எஞ்சியிருந்தால் வினிகர் அதைக் கரைத்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கண்ணாடியை அரித்துத் துலக்கும் என்பது உண்மைதான். ஆனால் தோல் வழியே ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து, உயிரையே பறிக்கக்கூடிய அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் மங்கல் நீங்காவிட்டால், அந்த இடத்தை நனைத்துப் பார்க்கவும். நனைந்ததும் மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வருமானால் அது பெரும்பாலும் அழுக்கன்று, கண்ணாடியே அரிக்கப்பட்டதன் தடம். மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடியத்தைக் கரைத்துச் சென்றுவிட, சிலிக்கா மிகுந்த மெல்லிய அடுக்குகள் மேற்பரப்பில் எஞ்சி நிற்கின்றன. சில பாட்டில்களில் காணப்படும் வானவில் நிறங்களும் இவ்வடுக்குகளால் வருபவையே. (எண்ணெய் தடவி இந்த மங்கலை மறைத்து விற்பவர்களும் உண்டு, ஆகவே வாங்கும்முன் உட்புறம் பிசுபிசுக்கிறதா என்று பார்ப்பது நல்லது.)

இந்த அரிப்பைச் சோப்பால் நீக்க முடியாது, இயந்திரத்தால் முடியும். ஆங்கிலத்தில் அந்த இயந்திரத்தின் பெயரும் டம்ளர்தான், ஆனால் அது நாம் காப்பி குடிக்கும் டம்ளர் அன்று. குழாய் வடிவக் கலத்தின் நடுவே பாட்டிலை இறுகப் பொருத்தி, உள்ளும் புறமும் செப்புக் கம்பித் துண்டுகள், தண்ணீர், அலுமினியம் ஆக்சைடு போன்ற தூள் ஆகியவற்றை இட்டு, நாள்கணக்கில் மெதுவாகச் சுழற்றுவார்கள். செம்பு கண்ணாடியைவிட மென்மையானது, தூளைச் சுமந்து செல்வதே அதன் வேலை; கண்ணாடியைத் தேய்ப்பது, அதைவிடக் கடினமான அந்தத் தூள். ஆகவே இதைக் கழுவுதல் என்பதைவிட இழைத்தல் என்பதே பொருந்தும். போன கண்ணாடி திரும்பாது.

எனவே எளிதில் கிடைக்கும், தடித்த, விரிசலற்ற பாட்டிலை மட்டுமே இயந்திரத்தில் இடலாம் என்பது என் கருத்து. மேற்பரப்பை ஒட்டிக் காற்றுக் குமிழிகள் இருந்தால், தேய்க்கையில் அவை திறந்து குழிகளாகிவிடும். புடைப்பெழுத்துகள் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் மேலும் மழுங்கும். அரிய பாட்டிலையும் ரோமானியக் கண்ணாடி போன்ற தொல்பொருளையும் தொடவே கூடாது. கோலி சோடா பாட்டிலின் உட்புறத்தில் தூளை இட்டால் கோலியும் சேர்ந்து உரசப்படும் என்பதால், வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

துணிந்து இறங்குவதானால் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவைத்து, விலை குறைந்த பாட்டில் ஒன்றில் பழகிப் பார்த்து, நாள்தோறும் கலத்தைத் திறந்து எழுத்துகளின் விளிம்பைக் கவனிக்கவும். விளிம்பு மழுங்கத் தொடங்குவது தெரிந்தால், மங்கல் மிச்சமிருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிடவும். பின்னாளில் அதை விற்க நேர்ந்தால், இயந்திரத்தில் தேய்க்கப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லி, பழைய படங்களையும் அவரிடம் கொடுக்கவும்.