குன்னூர்க் குளிரில் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி): மணலைச் சுத்தம் செய்ய எதை விடலாம்?

தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது (கழிவை உடைக்கும் பாக்டீரியா நிலைத்துவிட்டது), உப்பு 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு) நிற்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் மணலைப் பாருங்கள். பழுப்பாகப் பொடி படிந்திருந்தால் டயாட்டம் என்ற நுண்பாசி. கருஞ்சிவப்பில் ஏடு ஏடாக உரிந்து வந்தால் சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. அதைத் தின்னும் என்று நம்பி விடக்கூடிய பிராணி கிடையாது. டியூப் வைத்து உறிஞ்சிவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

டயாட்டத்துக்கு செரித் நத்தை. இரவில் மேயும், மேல்மணலையும் கிளறிவிடும். மீன் விட்ட மிச்சத் தீனிக்கு நஸாரியஸ் நத்தை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு துண்டு இறாலைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அங்கங்கே குட்டித் தும்பிக்கைகள் மாதிரிக் குழாய்கள் எழும்பும். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, இது பாசி தின்னாது. 150 லிட்டர் தொட்டிக்கு இரண்டிலும் ஐந்தைந்து போதும். மணற்பரப்பு அகலமாக இருந்தால் அப்புறம் ஒரு ஃபைட்டிங் காங்க் சங்கு.

மணல் சலிக்கும் நட்சத்திர மீன் வேண்டவே வேண்டாம். மணலில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டுச் சின்னத் தொட்டியில் பட்டினியில் சாகும். டைமண்ட் கோபி மீன் மணலைப் பவளத்தின் மேல் கொட்டும், மூடி இல்லாவிட்டால் வெளியே குதிக்கும். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனிதான் மலைக்காரர்களுக்கு வேலை. நத்தை வரும் பிளாஸ்டிக் பை மேட்டுப்பாளையத்தில் தொளதொளவென்று இருக்கும், குன்னூர் ஏறுவதற்குள் சிப்ஸ் பாக்கெட் போல உப்பிவிடும். காற்றைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள், தெர்மோகோல் பெட்டியில் வாங்குங்கள். வந்ததும் பையை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு, அப்புறம் டிரிப்: நத்தையைப் பைத்தண்ணீரோடு வேறு பாத்திரத்தில் விட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது. எல்லா வீடியோவிலும் இதற்கு வாளியைத் தரையில் வைப்பார்கள். சென்னையில் அது சரி. இங்கே டிசம்பரில் சிமென்ட் தரையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் சில்லிட்டுவிடும். அதிலிருந்து தொட்டியின் 25 டிகிரிக்குத் தூக்கிப் போட்டால் நத்தை தாங்காது. வாளிக்குப் பதில் ஒரு டப்பாவைச் சம்ப்புக்குள்ளேயே (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, ஏர்லைன் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டப்பாவிலும் தொட்டியிலும் உப்பளவு ஒன்றாகும்வரை அவசரம் வேண்டாம். மீனைவிட நத்தைக்கு உப்பு மாற்றம் ஆகாது. பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர்தான் (ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி), முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நான் நம்புவதில்லை. 35 பிபிடி கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அசையாமல் கிடக்கும் நத்தையை எடுத்து மோந்து பாருங்கள். செத்திருந்தால் நாற்றம் குடலைப் புரட்டும். தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து விட்டிருந்தால் நத்தையே வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: இரவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கொடைக்கானலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகும். பேட்டரி ஏர் பம்ப்பை ஓடவிட்டுக் கண்ணாடியைச் சுற்றிக் கம்பளி கட்டுங்கள். இன்னொருவருக்கு மணல் வெளுத்த பிறகு நஸாரியஸ் ஒவ்வொன்றாகச் செத்ததாம். மிச்சத் தீனி இல்லையென்றால் அதற்குச் சாப்பாடு இல்லை. வாரம் இரண்டு முறை விளக்கணைத்த பின் இறால் துணுக்கு போடுங்கள்.