சோலார் கடன் எங்கே சறுக்குகிறது?

கிராமத்துக்கு சோலார் என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி, "பேனல் என்ன விலை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பேனல் விலை பல ஆண்டுகளாக மளமளவென்று இறங்கியும் எத்தனையோ திட்டங்கள் பாதியில் படுத்துவிட்டன. பெரும்பாலும் பணம் எப்போது, யாரிடமிருந்து, எந்தக் கணக்கில் வரும் என்று யோசிக்காததுதான் காரணம்.

பெங்களூரில் 1995-ல் செல்கோ என்ற சோலார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரிஷ் ஹண்டே அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. மாதம் 300 ரூபாய் கட்டச் சொன்னால் முடியாது என்கிற தெரு வியாபாரி, தினம் 10 ரூபாய் என்றால் சரி என்கிறார். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவர் கையில் காசு வருவது தினமும். மாதக் கடைசியில் மொத்தமாக 300 ரூபாய் மிஞ்சி நிற்காது. விவசாயிக்கு இதுவே தலைகீழ்: அறுவடை முடிந்தால் பணம், நடவு நேரத்தில் கையில் காசு இருக்காது. இவர்கள் எல்லோருக்கும் மாதம் 5-ஆம் தேதி ஒரே தவணை என்று சம்பளக்காரர் கணக்கில் கடன் எழுதிவிட்டு, "கிராமத்து மக்கள் ஒழுங்காகக் கட்டுவதில்லை" என்று குறைப்படுவதில் அர்த்தமே இல்லை.

கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணம் இதற்கு ஒரு வழி திறந்தது. எம்-கோபா போன்ற நிறுவனங்கள் முன்பணம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சோலார் கருவியைக் கொடுத்தன. மீதியைச் சிறுகச் சிறுகக் கைபேசியிலேயே கட்டலாம், கட்டாவிட்டால் கருவி பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தினத்தவணை சின்னதாகத் தெரிவதாலேயே மொத்தம் எவ்வளவு என்று பலர் கேட்பதில்லை. ரொக்க விலை என்ன, தவணை முடியும்போது கட்டியிருக்கும் தொகை என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். விளக்குக்கு வந்த குடும்பத்தின் தலையில் டிவியையும் கட்டி அனுப்பும் விற்பனையாளர், வசூலாகாத கடனைத் தானே விதைக்கிறார்.

அப்புறம் பேட்டரி. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான். பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஆனால் சாதாரண ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். முழுக்க முழுக்க வடியவிட்டால் அதற்கும் முன்னாலேயே. ஐந்து ஆண்டுக் கடனில் வாங்கிய பேட்டரி நான்காம் ஆண்டு செத்துப்போனால், எரியாத விளக்குக்கு யார் தவணை கட்டுவார்கள்? கடன் காலம் பேட்டரியின் ஆயுளுக்குள் முடிய வேண்டும். முடியாதென்றால் புது பேட்டரிக்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பழுது பார்க்க ஆள் வரும் செலவும் இதே கணக்கில் சேர வேண்டும். மானியம் கொடுப்பவர்கள் திறப்பு விழாவோடு போய்விடுவார்கள். இந்தச் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கரண்ட் கம்பி ஊருக்கு எப்போது வரும் என்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. பீகாரின் தர்னை கிராமத்தில் 2014-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. கொஞ்ச நாளிலேயே அரசின் மின்இணைப்பும் வந்தது. அதன் கட்டணம் குறைவு. மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், பேட்டரிகளும் ஓய்ந்தன. மின்நிலையம் கடைசியில் மாடு கட்டும் இடமானது. வங்கதேசத்தின் கதை இன்னும் பெரியது. இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் 2003-ல் தொடங்கிய திட்டத்தில், கூட்டாளி அமைப்புகள் மூலம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தவணையில் சோலார் போனது. உலகமே பாராட்டிய திட்டம். ஆனால் கம்பி வேகமாக நீண்டது. இன்னொரு பக்கம் அரசே சில இடங்களில் சோலாரை இலவசமாகக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கிடைத்ததற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கத்தானே செய்வார்கள்? வசூல் சரிந்தது, கடன் வாங்கி விற்றிருந்த கூட்டாளி அமைப்புகள் மாட்டிக்கொண்டன. அரசின் மின்பாதைத் திட்டத்தைப் பார்க்காமல் நீண்ட காலக் கடன் எழுதாதீர்கள். கம்பி வந்தால் மின்நிலையத்தை அதோடு இணைக்க முடியுமா, அரசு அதை விலைக்கு வாங்கிக்கொள்ளுமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

டாலரில் கடன் வாங்கி உள்ளூர்ப் பணத்தில் வசூலிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நைஜீரியாவில் 2023-ன் முதல் பாதியில் ஒரு டாலர் சுமார் 460 நைரா. 2024 தொடக்கத்தில் 1,400-ஐத் தாண்டியது. கிராமத்தார் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் நிறுவனத்தின் கடன் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு ஆகியிருக்கும். உள்ளூர்ப் பணத்திலேயே கடன் கிடைக்குமா, இல்லையென்றால் நாணயம் சரியும்போது நட்டம் யார் தலையில் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.