நெஞ்சுவலி என்று வந்தால்: கேஷுவாலிட்டி நர்ஸ்களுக்கு

நெஞ்சுவலி என்று வந்தவரிடம் ஓபி சீட்டு கேட்டு நிறுத்தாதீர்கள். சீட்டை உடன் வந்தவர் போட்டுக்கொள்ளட்டும். 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் எழுதித் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற அனுமதியைத்தான் தாலுகா மருத்துவமனையில் நான் முதலில் கேட்டு வாங்கினேன்.

மெஷின் கேஷுவாலிட்டியிலேயே இருக்கட்டும். ஷிஃப்ட் மாறும்போது பேப்பர் ரோல், ஜெல், சார்ஜ் மூன்றையும் பாருங்கள். மார்பில் முடி அடர்ந்தவருக்கு லீடு ஒட்டி நிற்காது, ட்ரேயில் ஒரு ரேஸரும் வேண்டும்.

"வாயு பிடிச்சிருக்கு சிஸ்டர், ஒரு ஊசி போடுங்க" என்று சர்க்கரை நோயுள்ள அம்மா வியர்க்க வியர்க்க வந்து உட்கார்ந்தால், அவருக்கும் ஈசிஜிதான் முதலில். அது நார்மலாக இருந்தும் வலி நிற்கவில்லையா? 15 முதல் 30 நிமிடத்தில் திரும்ப எடுங்கள். இன்ஃபீரியர் வால் அட்டாக், அதாவது இதயத்தின் கீழ்ச்சுவரில் வந்த அட்டாக் என்றால், மார்பின் வலப்பக்கம் லீடு வைத்தும் ஈசிஜி பார்த்த பிறகுதான் நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை. இல்லாவிட்டால் பிரஷர் சடாரென்று இறங்கிவிடும்.

2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. அங்கிருந்து வந்தவரின் சீட்டைப் படிக்காமல் லோடிங் டோஸை (முதலில் மொத்தமாகக் கொடுக்கும் இந்த அளவை) மறுபடி கொடுத்துவிடாதீர்கள்.

ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி உயர்ந்திருக்கிறது, 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் வைத்து அடைப்பை நீக்குவது) நடக்க வழியில்லை என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 30 நிமிடத்துக்குள் இங்கேயே தொடங்க வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு வந்ததுண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, பிரஷர் எவ்வளவு என்ற கேள்விகளை அச்சடித்து வைத்துக்கொண்டால் டிக் போட ஒரு நிமிடம் போதும். நேரம் போவது வேறு இடத்தில். "பெரிய பையன் திருப்பூர்லேர்ந்து வரட்டும், கேட்டுட்டு கையெழுத்து போடறோம்" என்பார்கள். அந்தப் பையனுக்கு உடனே போன் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி. எஸ்டி பாதியாவது இறங்கவில்லை என்றால் உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். வலி போய்விட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்பவரையும் விடாதீர்கள், 3 முதல் 24 மணி நேரத்துக்குள் அவருக்கும் ஆஞ்சியோ வேண்டும். தமிழ்நாட்டில் சிறிய, பெரிய மருத்துவமனைகளை இப்படி இணைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள்.

108 கிளம்பும் முன்பே ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்குப் போன் செய்து, ஈசிஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ரெஃபரல் சீட்டின் தலைப்பில் ஊசி தொடங்கிய மணியைப் பெரிதாக எழுதுங்கள்.