மாகாணப் படிப் பிரமிடுகள்: உள்ளே தேடினால் ஏமாற்றம்தான்

பிரமிடு என்றாலே கல்லறை என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. எகிப்தின் மாகாணங்களில் நிற்கும் சிறிய படிப் பிரமிடுகளிடம், அதாவது படிக்கட்டுபோல் அடுக்கடுக்காக உயரும் பிரமிடுகளிடம், அது செல்லாது. தெற்கே எலிஃபன்டைன் தீவு முதல் வடக்கே ஃபயூம் அருகிலுள்ள செய்லா வரை இப்படி ஏழு பிரமிடுகள் அறியப்பட்டுள்ளன. எதிலும் அரசரைப் புதைத்த அறை இல்லை. 'கொள்ளை போய்விட்டது' என்று சமாதானம் சொல்வதும் தவறு. அறையே இல்லாத இடத்தில் கொள்ளையடிக்க என்ன இருக்கிறது?

எகிப்திய அரசர் ஜோசரின் பெரிய படிப் பிரமிடுக்கு இவை ஒத்திகை என்பார்கள். காலம் இடிக்கிறது. தலைநகர் மெம்ஃபிஸை அடுத்த சக்காராவில் ஜோசருக்குக் கட்டி முடித்த பிறகே, சுமார் கி.மு. 2600-ஐ ஒட்டி, இவை எழுந்தன. பலவற்றின் அடிப்பக்கம் ஏறத்தாழ 18 மீட்டர். இத்தனை தூரத்தில் இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வராது. ஒரே அரசாணை பின்னால் இருந்திருக்க வேண்டும்.

யார் கட்டியது என்பதில் இன்னும் கவனம் தேவை. எல்லாவற்றையும் ஜோசருக்குப் பின் வந்த அரசர் ஹூனியின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். எலிஃபன்டைனில் அவர் பெயர் பொறித்த கருங்கல் கூம்பு 1909-இல் கிடைத்தது உண்மை. ஆனால் அது பிரமிடின் மேல் பொருந்தியிருந்த நிலையில் கிடைக்கவில்லை. கூம்பைப் பிரமிடுடன் சேர்ப்பது ஊகம். செய்லாவில் 1987-இல் கிடைத்த கல்வெட்டுப் பலகையோ ஹூனிக்கு அடுத்து ஆண்ட ஸ்னெஃப்ருவின் பெயரைச் சொல்கிறது.

பிறகு எதற்காகக் கட்டினார்கள்? விடை உள்ளே இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம். தலைநகரில் இருந்த அரசரை மாகாண மக்கள் கண்ணால் பார்ப்பது அரிது. அவருடைய வழிபாடும் அதிகாரமும் அங்கே உண்டு என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ராணிகளின் நினைவிடம் என்ற கருத்தும் முன்பு இருந்தது. எதையும் முடிந்த முடிவாக எழுத வேண்டாம்.

தெற்கு எகிப்தின் எட்ஃபு நகருக்கு அருகே உள்ள பிரமிடைப் பாருங்கள். மணற்கல், களிமண் சாந்து. இன்று 5 மீட்டர் உயரமே எஞ்சியிருக்கிறது. ஏதோ ஒரு ஷேக்கின் (இஸ்லாமியப் பெரியவரின்) சமாதி என்றே ஊர்மக்கள் நினைத்திருந்தார்கள். கிழக்குப் பக்கம் உணவுப் படையல் வைத்த இடத்தின் தடயங்கள் உள்ளன. சுவரடியில் குழந்தைகளின் புதைகுழிகளும், அருகே கல்லில் கீறிய சித்திர எழுத்துகளும் இருக்கின்றன. ஒரு பறவை, ஒரு நாணல் இலை, உட்கார்ந்த மனிதர். குழந்தைகளுக்காகக் கட்டியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் புதைகுழிகள் பிரமிடு கைவிடப்பட்டு வெகுகாலம் கழித்து வந்தவை.