ஐஎல்எஸ் இறக்கம்: ஊசி அசையும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டு சிமுலேட்டரில் செஸ்னா 172 ஓட்டிப் பழகியவர்கள் ஐஎல்எஸ் இறக்கத்தில், அதாவது ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைக் கருவியின் ஊசி காட்ட, அதைப் பின்பற்றி இறங்குவதில், தடுமாறுவது பெரும்பாலும் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான். காரணமோ பத்து மைல் முன்னாலேயே நடந்திருக்கும்.

ஐஎல்எஸ் அலைவரிசையை ரேடியோவில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. லண்டன் ஹீத்ரோவில் 27ஆர், 09எல் இரண்டும் ஒரே ஓடுபாதையின் இரு முனைகள், இரண்டுக்கும் 110.30 மெகாஹெர்ட்ஸ்தான். எந்த முனையிலிருந்து சிக்னல் வருகிறது என்பதை சிக்னலோடு வரும் மோர்ஸ் ஒலி அடையாளம்தான் சொல்லும். 27ஆர் என்றால் ஐஆர்ஆர், 09எல் என்றால் ஐஏஏ. அதைச் சரிபார்க்காமல் இறங்கவே கூடாது. ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் திரையில் ஊசி மெஜந்தா நிறத்தில் இருந்தால் அது இன்னும் ஜிபிஎஸ்ஸைத்தான் காட்டுகிறது. சிடிஐ பட்டனை அழுத்தி, ஐஎல்எஸ் சிக்னலைக் காட்டும் பச்சைக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோபைலட்டில் என்ஏவி (வழிப் பட்டன்) போதாது, ஏபிஆர் (இறக்கப் பட்டன்) போட்டால்தான் கிளைடு ஸ்லோப்பை, அதாவது இறங்கும் சரிவைக் காட்டும் கற்றையை, பிடிக்கும்.

அப்புறம் ஆல்டிமீட்டர், அதாவது உயரமானி. அதில் வைத்த காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் தப்பாக இருந்தால் உயரம் முந்நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகும். சாதாரண ஐஎல்எஸ்ஸில் இறங்குவதா மேலே ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரமே தரையிலிருந்து 200 அடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கிளைடு ஸ்லோப்பை மேலிருந்து துரத்திப் பிடிக்காதீர்கள். உண்மையான சரிவு 3 டிகிரி. அதற்கு மேலே, 9 டிகிரி வாக்கில், பொய்ச் சரிவு ஒன்று உண்டு. 2,500 அடியில் சமமாகப் பறந்தால் ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு ஏறக்குறைய ஏழரை கடல் மைல் முன்பு கிளைடு ஸ்லோப் ஊசி தானாக உங்களிடம் இறங்கி வரும். அதற்குள் வேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) அளவில் நிலைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஊசியைத் துரத்துவது. ஊசி இடப்பக்கம் போனதும் விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறோம், அது நடுவுக்கு வந்த பிறகும் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கிறோம், உடனே வலப்பக்கம் திருப்புகிறோம். நெருங்க நெருங்க இந்த ஆட்டம் கூடும், ஏனென்றால் இட வல விலகலைக் காட்டும் லோக்கலைசர் கற்றை ஓடுபாதையை நோக்கிக் குறுகிக்கொண்டே வருகிறது. ஓடுபாதை தொடங்கும் இடத்தில் ஊசி ஓரத்துக்கே போனாலும் விலகல் சுமார் 350 அடிதான். ஆகவே ஊசியை அல்ல, ஹெட்டிங்கை, அதாவது விமானத்தின் மூக்கு நோக்கும் திசையை, பிடியுங்கள். 5 டிகிரி திருப்பி, ஊசி திரும்பி வருகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். வந்தால் பாதியைக் கழித்து அந்த ஹெட்டிங்கிலேயே நில்லுங்கள். காற்றுக்கு மூக்கை எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். கடைசி இரண்டு மைலில் 2 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டாம். இறங்கும் வேகத்துக்கும் இதே பொறுமை வேண்டும்: தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. அங்கிருந்து ஐம்பது, நூறு அடி கூட்டிக் குறைத்தால் போதும்.

தெளிந்த வானத்தில் மட்டும் பழகினால் கண் ஜன்னலுக்குத்தான் போகும். மேகத்தின் அடிமட்டத்தை முதலில் 500 அடிக்கு வையுங்கள். சில நாள் 100 அடிக்கே இறக்கிவிடுங்கள். 200 அடியில் ஓடுபாதை தெரியாது, த்ராட்டிலை முழுதாகத் தள்ளி மூக்கைத் தூக்கி மேலே ஏறியே ஆக வேண்டும். அந்த ஏற்றத்தையும் இறக்கம் அளவுக்கே பழகுங்கள்.